கரண்ட் வந்த பிறகும் எழாத கணினிகள்

சேலம், நாமக்கல் பதிப்பு நாளிதழ்களின் உள்பக்கங்களில் ஒரு சிறு அறிவிப்பு அடிக்கடி கண்ணில் படும். இந்தத் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி, ஆகவே இன்னின்ன ஊர்களுக்கு நாளை காலை ஒன்பது மணி முதல் மின்சாரம் இருக்காது என்று. ராசிபுரம், சங்ககிரி, திருச்செங்கோடு, ஆத்தூர் என ஊர்ப்பெயர்கள் முறைவைத்து மாறும். சித்திரை வைகாசியில் சேர்வராயன் மலைப்பக்கம் இடி இறங்கினால் அறிவிப்பே இல்லாமலும் கரண்ட் போகும். மின்சாரம் திரும்பியதும் விசைத்தறி ஓடத் தொடங்கிவிடும், ஜவ்வரிசி ஆலை அரைக்கத் தொடங்கிவிடும். கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் மட்டும் சில சமயம் வேலை தொடங்காது. லினக்ஸ் நிறுவிய அறுபது கணினிகள் ஒன்றாக உயிர்பெறும். திரையில் நாலைந்து வரிகள் ஓடும். பிறகு எல்லாமே அப்படியே நின்றுவிடும். பொறுத்துப் பார்த்த லேப் அசிஸ்டென்ட் சுவிட்சை அணைத்துப் போடுவார். மறுபடியும் அதே இடத்தில் நிற்கும். ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்பார் ஒருவர், லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்பார் இன்னொருவர், விண்டோஸ் போட்டுவிடலாம் என்பார் மூன்றாமவர். மூன்றும் பெரும்பாலும் தவறான முடிவுகள். டிஸ்க் நன்றாக இருக்கிறது, லினக்ஸும் நன்றாக இருக்கிறது. அந்தக் கணினி ஒரு பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்தக் கேள்வியை அது வெளியே கேட்டிருக்கவே கூடாது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இது சிறிய விஷயம் இல்லை. 1966-ல் சேலத்தில் அரசு பொறியியல் கல்லூரி வந்தது. 1994-ல் திருச்செங்கோட்டில் கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியும், 1997-ல் சேலத்தில் சோனா தொழில்நுட்பக் கல்லூரியும் தொடங்கின. நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியதும் அதே 1997-ல்தான். இன்று நெடுஞ்சாலையின் இருபுறமும் கல்லூரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. லினக்ஸும் இங்கே அந்நியம் இல்லை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பிளஸ் ஒன் கணினிப் பாடநூலில் உபுண்டுவுக்கு இடம் உண்டு. கல்லூரியில் மாணவர் எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு, அதே கோப்புகள் வேண்டும் என்றால் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்தாக வேண்டும். அப்படி வைக்கும் மையப் பட்டியலைத்தான் டைரக்டரி சர்வர் என்கிறோம். கணினிகள் அதோடு பேசும் முறைக்கு எல்டாப் என்று பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1993-ல் முதன்முதலாகத் தரநிலை ஆவணமாக வெளிவந்த முறை அது. யூனிக்ஸ் வகைக் கணினிகளின் பயனர் பட்டியலை அதற்குள் எப்படி அடுக்குவது என்பதை லூக் ஹோவர்ட் 1998-ல் எழுதிய இன்னொரு ஆவணம் சொன்னது. அவருடைய பேடில் நிறுவனம் எழுதிய என்எஸ்எஸ்-எல்டாப் என்ற நிரல்தான் பல ஆண்டுகள் லினக்ஸ் கணினிகளை டைரக்டரியோடு இணைத்தது. நம் சிக்கலின் வேர் பெரும்பாலும் அந்த இணைப்பில் இருக்கிறது.

லினக்ஸில் யார் பயனர், எந்தக் குழு என்ற கேள்வி எழும்போதெல்லாம் என்எஸ்எஸ்விட்ச்.கான்ஃப் என்ற சிறு கோப்பைப் பார்த்துத்தான் கணினி அடுத்த அடி வைக்கும். அதில் பயனர்களுக்கு ஒரு வரி, குழுக்களுக்கு ஒரு வரி. டைரக்டரியோடு இணைக்கிறவர் அந்த வரிகளில் முதலில் 'ஃபைல்ஸ்', அடுத்து 'எல்டாப்' என்று எழுதுவார். முதலில் உள்ளே இருக்கும் கோப்பைப் பார், அங்கே இல்லையென்றால் மட்டும் சர்வரைக் கேள் என்பது இதன் பொருள். அப்படியானால் ரூட் போன்ற உள்ளூர்க் கணக்குகளுக்கு வெளியே போக வேண்டியதே இல்லையே, பூட் ஆகும்போது ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்விதான் அனுபவமுள்ள நிர்வாகிகளையும் சறுக்கவைக்கிறது.

காரணம் இரண்டு. சாதனங்களைக் கண்டறிந்து பெயரிடும் யூடெவ், கணினி எழும் முதல் நொடிகளிலேயே ஓடுகிறது. ஒவ்வொரு சாதனத்தையும் எந்தக் குழுவிடம் ஒப்படைப்பது என்று அதன் விதிகளில் எழுதியிருக்கும். டிபிஎம் பாதுகாப்புச் சில்லுக்கு 'டிஎஸ்எஸ்' குழு, மெய்நிகர் கணினிக்கு 'கேவிஎம்' குழு என்பதுபோல. அந்தக் குழு உள்ளூர்க் கோப்பில் இல்லாவிட்டால் கேள்வி வரிசையில் அடுத்த இடத்துக்குப் போகும், அதாவது எல்டாப் சர்வருக்கு. அப்போது நெட்வொர்க் கார்டே இன்னும் எழுந்திருக்காது. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. ஒரு சேவை தன் கணக்குக்கு மாறும்போது, இந்தப் பயனர் எந்தெந்தக் குழுக்களில் எல்லாம் உறுப்பினர் என்று கணினி கேட்கிறது. இதற்கு முதல் பட்டியலில் கிடைத்த விடை போதாது. ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் வெவ்வேறு குழுக்களில் இருக்கலாம் என்பதால் எல்லாப் பட்டியலையும் பார்த்தே தீர வேண்டும். ஆகவே நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் சேவை தன் 'மெசேஜ்பஸ்' கணக்குக்கு மாறும்போதுகூட, அந்தக் கணக்கு முழுக்க உள்ளூரில் இருந்தும், சர்வரைத் தேடிக் கேள்வி போகிறது. தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாலுகா ஆபீஸில் விசாரித்துவிட்டுத்தான் வாசல் கதவைத் திறப்பேன் என்று ஒருவர் நிற்பதைப் போன்ற நிலை இது. அந்த ஆபீஸுக்குப் போகும் பாதையோ கதவைத் திறந்த பிறகுதான் கிடைக்கும்.

எவ்வளவு நேரம் நிற்கும்? கணக்குப் போட்டே சொல்லலாம். பழைய என்எஸ்எஸ்-எல்டாப் நிரலின் இயல்பமைப்பு 'ஹார்டு' எனப்பட்டது: சர்வர் கிடைக்கவில்லை என்றால் கைவிடாதே, காத்திருந்து மறுபடி கேள். முதலில் 4 நொடி, பிறகு 8, 16, 32, 64 என இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டினால் 124 நொடி, அதாவது ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல். உள்ளூரில் இல்லாத குழுக்கள் ஐந்து இருந்தால் பத்து நிமிடத்தைத் தாண்டிவிடும். அதற்குமேல் ஒவ்வொரு சேவையும் கேட்கும் குழுக் கேள்விகள். கணினி சாகவில்லை, விட்டுவைத்தால் அரைமணி கழித்து எழுந்துவிடவும் கூடும். ஆனால் பத்தாம் நிமிடத்தில் ஒருவர் சுவிட்சை அணைத்துவிடுவதால் அந்த உண்மை யாருக்கும் தெரிவதில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. 2006 வாக்கிலேயே உபுண்டு, டெபியன் பயனர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இதே நிறுத்தத்தை, யூடெவ் ஓடும் அதே கட்டத்தில், பதிவுசெய்திருக்கிறார்கள்.

அப்படியொரு முரட்டுத்தனமான இயல்பமைப்பை ஏன் வைத்தார்கள்? அதை எழுதியவர்கள் யோசிக்காமல் செய்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. மின்னஞ்சல் சர்வர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். டைரக்டரி ஒரு நிமிடம் தொடர்பில் இல்லாதபோது ஒரு மாணவிக்குக் கடிதம் வருகிறது. 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று கணினி பதில் சொல்லிவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். அது இறுதியான மறுப்பு. 'இப்போது தெரியவில்லை' என்று சொன்னால் கடிதம் வரிசையில் நின்று பிறகு சேரும். இல்லை என்பதற்கும் தெரியவில்லை என்பதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் காப்பாற்றத்தான் ஹார்டு அமைப்பு காத்திருந்தது. இரவு பகலாக ஓடும் சர்வரில் அது சரியான எச்சரிக்கை. ஆனால் பூட் நேரத்தில் ஒரு சாதனக் கோப்பின் குழுவைக் கேட்கும்போதும் அதே எச்சரிக்கையைக் காட்டினால், விடை வருவதற்கு வேண்டிய நெட்வொர்க்கே எழ முடியாமல் போகிறது. சர்வருக்கு நல்லதாக இருந்த குணம், மேசைக் கணினிக்கு முட்டுக்கட்டை ஆனது.

அப்படியானால் 'சாஃப்ட்' என்று மாற்றிவிட்டால் முடிந்ததே என்பது பலர் சொல்லும் மருந்து. சர்வர் இல்லையென்றால் உடனே தோல்வி, உடனே அடுத்த வேலை. கணினி எழுந்துவிடும் என்பது உண்மை. அவசரத்துக்கு நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அது நோயின் இடத்தைத் தொடவில்லை. கேள்வி இன்னும் வெளியேதான் போகிறது, பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையை மட்டும் நாம் பறித்துவிட்டோம். அந்த நேரத்தில் தொடங்கும் சேவை டைரக்டரியில் உள்ள ஒரு குழுவை நம்பியிருந்தால், குழு கிடைக்காமலே தொடங்கும். பிறகு சர்வர் வந்தாலும் மறுபடி தொடங்கும்வரை அதற்கு அனுமதி இருக்காது. திறக்க மறுக்கும் பிரிண்டர், காரணமே புரியாத 'அனுமதி இல்லை' செய்தி, கோப்பின் உரிமையாளர் பெயருக்குப் பதில் வெறும் எண் ஆகியவற்றுக்குப் பின்னால் இது பல தடவை ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த ஒரு பெரிய கோளாறு, தெரியாத நாலு சின்னக் கோளாறுகளாக மாறியிருக்கும்.

இன்னொரு வாதம் எளிமையானது, அதனாலேயே வலுவானதும்கூட: சர்வருக்கு யுபிஎஸ் போடுங்கள், கரண்ட் வந்ததும் சர்வரை முதலில் எழுப்பி, அது எழுந்த பிறகு ஆய்வகத்தைப் போடுங்கள். யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சர்வர் அணையாமல் இருந்தும் ஆய்வகம் நிற்கும் வழிகள் உண்டு. ஆய்வகத்து நெட்வொர்க் சுவிட்ச் பெரும்பாலும் ஆய்வகத்து மின் இணைப்பிலேயே இருக்கும். அதில் ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு இயங்கினால், கேபிள் உயிர்பெற்ற பிறகும் 15 நொடி கவனிப்பு, 15 நொடி கற்றல் என 30 நொடி எந்தத் தகவலையும் கடத்தாது. கணினியின் பூட் அதைவிட வேகமாக ஓடிவிடும். சுவிட்சில் அந்த போர்ட்டுக்கு 'போர்ட்ஃபாஸ்ட்' அமைப்பு போட்டிருந்தால் இந்தத் தாமதம் இல்லை. பழைய கணினியின் மதர்போர்டில் இருக்கும் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் நின்று வந்தபின் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். அப்போது சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று கணக்காகி, இணைப்பு மறுக்கப்படும். அறுபது கணினிகளில் மூன்று மட்டும் தினமும் தகராறு செய்கின்றன என்றால் ஒரு பேட்டரியின் விலையில் தீரும் சிக்கலாக இருக்கலாம். எதை முதலில் போடுவது என்ற வரிசை, அன்றைக்கு வேலைக்கு வந்த ஒருவரின் நினைவில் தொங்குகிற ஏற்பாடு. பராமரிப்பு நாளில் அவர் விடுப்பில் இருந்தால் அதுவும் போயிற்று.

நின்றுபோன கணினியை எப்படிச் சோதிப்பது என்பதிலும் ஒரு முறை உண்டு. க்ரப் என்ற பூட் ஏற்றியின் பட்டியல் வரும்போது 'இ' விசையை அழுத்தி, கர்னல் வரியில் உள்ள 'குவையட்' என்ற சொல்லை நீக்கிப் பூட் செய்தால், எந்த வரியில் நிற்கிறது என்று திரையே சொல்லும். எல்டாப் சர்வரோடு மறுபடி இணைகிறேன், இத்தனை நொடி உறங்குகிறேன் என்ற வரி வந்தால் வேறு சாட்சி வேண்டாம். புதிய கணினிகளில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி, ஒரு பணி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நொடிகளை எண்ணிக் காட்டும். அதன் இயல்பான பொறுமை 90 நொடி. பழைய ஹார்டு அமைப்பு இல்லாத கணினியில் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை. கேபிள் இல்லையென்றால் பாதை இல்லை என்று கணினிக்கு உடனே தெரிந்துவிடும். சர்வர் கணினி விழித்திருந்து அதில் டைரக்டரி சேவை மட்டும் ஓடவில்லை என்றாலும் மறுப்பு உடனே வந்துவிடும். கேபிள் இருந்து, எதிர்முனை எந்தப் பதிலும் தராமல் மௌனமாக இருந்தால்தான் லினக்ஸ் 1, 2, 4 என்று இடைவெளியை இரட்டித்து, ஏறத்தாழ 127 நொடி கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே கேபிளைப் பிடுங்கியதும் பூட் வேகமானால், கோளாறு டிஸ்கில் இல்லை, சர்வருக்குப் போகும் வழியில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். எழவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதே கர்னல் வரியில் 'இனிட்' என்பதற்கு நேராக பாஷ் ஷெல்லின் பாதையைக் கொடுத்துப் பூட் செய்ய வேண்டும். யூடெவ், டி-பஸ் எதுவும் ஓடாமல் வெறும் ஷெல் கிடைக்கும். டிஸ்கை எழுதும் நிலையில் மறுபடி ஏற்றி, என்எஸ்எஸ்விட்ச் கோப்பில் 'எல்டாப்' என்ற சொல்லை எடுத்துவிட்டு மறுபடி பூட் செய்து பாருங்கள். சட்டென்று எழுந்தால் காரணம் உறுதி. விண்டோஸ் சிடியைத் தேடும் முன் இந்தச் சோதனைக்குச் செலவாகும் ஐந்து நிமிடம், ஒரு முழு நாள் மறுநிறுவலை மிச்சப்படுத்தும்.

இனி நிலையான தீர்வு. கணினியின் உள்வேலைக்கான கணக்குகளும் குழுக்களும் கணினிக்குள்ளேயே இருக்க வேண்டும். டைரக்டரி, மனிதர்களுக்கு மட்டும். இது என் சொந்தக் கொள்கை இல்லை. யூடெவுக்கு வேண்டிய குழுக்கள், நெட்வொர்க்கோ வேறு தகவல்தளமோ இல்லாத மிகத் தொடக்கநிலைப் பூட்டிலேயே தெரிந்தாக வேண்டும் என்று சிஸ்டம்டியோடு வரும் விளக்கக் கோப்பே சொல்கிறது. விடுபட்ட குழுவை உள்ளூரில் ஒரே கட்டளையில் உருவாக்கிவிடலாம். பழைய நிரலே தொடர்ந்தால், இன்னின்ன சேவைக் கணக்குகளுக்குக் குழு விசாரிக்க வெளியே போகாதே என்று அதன் அமைப்புக் கோப்பில் பட்டியல் கொடுக்க இடம் இருக்கிறது. சர்வரின் பெயரும் ஐபி முகவரியும் உள்ளூர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இருந்தால், சர்வரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ்ஸை எதிர்பார்க்கும் இன்னொரு சங்கிலியும் அறுந்துவிடும். ஆனால் இன்றைக்குச் சரியான வழி, நிரலையே மாற்றுவதுதான். ரெட் ஹாட், ஃபெடோரா தரப்பிலிருந்து 2009 வாக்கில் வந்த எஸ்எஸ்எஸ்டி, கேள்வி கேட்கும் இடத்தையும் சர்வரோடு பேசும் இடத்தையும் பிரித்துவிட்டது. பூட் நேரத்தில் ஒரு சேவை கேட்டால், கேள்வி கணினிக்குள்ளேயே இருக்கும் எஸ்எஸ்எஸ்டியிடம் மட்டும் போகும். அது இன்னும் எழவில்லை என்றால் நொடியில் பதில் வந்துவிடும், காத்திருப்பு இல்லை. ரூட் கணக்கை அது இயல்பாகவே வெளியே விசாரிப்பதில்லை. சர்வர் இல்லாதபோது, முன்பு வாங்கிவைத்த பதில்களைச் சேமிப்பிலிருந்து எடுத்துத் தரும். விண்டோஸ் டொமைன் கணினிகள் கடைசியாக நுழைந்த 10 கணக்குகளை இயல்பாகவே நினைவில் வைத்துக்கொள்கின்றன. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லையே என்று சொல்பவர்கள் பாராட்டுவது இந்த ஏற்பாட்டைத்தான். லினக்ஸிலும் அது இருக்கிறது. ஆனால் பாஸ்வேர்டைச் சேமிக்கும் அமைப்பு எஸ்எஸ்எஸ்டியில் இயல்பாக அணைந்தே இருக்கும், அதை நாம்தான் போட வேண்டும். நிறுவியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டு, அடுத்த மின்தடையில் ஏமாறும் இடம் இதுதான்.

சேமித்துவைத்தால் பாதுகாப்பு என்ன ஆவது என்பது எடுத்தெறிய முடியாத ஆட்சேபம். கல்லூரியை விட்டுப் போன மாணவரின் கணக்கை டைரக்டரியில் நீக்கிய பிறகும், சர்வர் தொடர்பு இல்லாத ஒரு கணினியில் அவர் பழைய பாஸ்வேர்டோடு நுழைந்துவிட முடியும். இதற்கு எஸ்எஸ்எஸ்டி ஒரு கெடு வைத்துக்கொள்ள இடம் தருகிறது: கடைசியாகச் சர்வர் மூலம் நுழைந்து இத்தனை நாள் ஆகிவிட்டால் சேமிப்பை நம்பாதே என்று. இயல்பாக அந்தக் கெடு இல்லை; ஒரு வாரம் வைப்பது கல்லூரிக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. பாஸ்வேர்டும் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை, உருத்தெரியாத ஹாஷ் வடிவில்தான் இருக்கும். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. க்ரப் வழியாக ஷெல்லுக்குள் நுழையும் வழியை மேலே சொன்னேன். அதே வழி மாணவருக்கும் திறந்திருக்கிறது. க்ரப்புக்குப் பாஸ்வேர்டு போடாத ஆய்வகத்தில் சேமிப்பைப் பற்றி மட்டும் கவலைப்படுவது அடுக்காது. டைரக்டரியே வேண்டாம், ஒவ்வொரு கணினியிலும் 'ஸ்டூடன்ட்' என்று ஒரு பொதுக் கணக்கு போதும் என்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பூட் சிக்கல் தீரும், ஆனால் யார் எழுதிய நிரல் யாருடையது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. மதிப்பெண் போடும் இடத்தில் அது ஏற்க முடியாத விலை.

எதைச் செய்தாலும் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது. அறுபது கணினிகளுக்கும் அதே அமைப்பை நகலெடுக்கும் முன், ஒரே ஒரு கணினியை எடுத்து, நெட்வொர்க் கேபிள் இருக்கும்படியே சர்வரை மட்டும் அணைத்துவிட்டுப் பூட் செய்ய வேண்டும். உள்நுழைவுத் திரை வழக்கமான நேரத்தில் வருகிறதா, ரூட்டாக உடனே நுழைய முடிகிறதா, முன்பு நுழைந்த மாணவர் கணக்கு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிச் சோதனையில் பலர் தடுமாறுவார்கள், ஏனென்றால் மாணவரின் கோப்புகள் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியாகச் சர்வரிலேயே இருக்கும். பெயரும் பாஸ்வேர்டும் சரியென்று ஏற்ற பிறகு கோப்புறை கிடைக்காமல் திரை உறைந்துவிடும். எஸ்எஸ்எஸ்டி அதைத் தீர்க்காது. அந்தக் கணினியில் ஒருமுறைகூட நுழையாத மாணவருக்கும் சேமிப்பு உதவாது, அவர் பெயரே அங்கே இருக்காது. ஏப்ரல், மே மாதச் செய்முறைத் தேர்வில் மாணவர் வழக்கமான இருக்கையில் உட்காரமாட்டார் என்பதால் இது கற்பனைச் சிக்கல் இல்லை. இதற்கு நான் காணும் வழி ஒன்றுதான்: ஒவ்வொரு கணினியிலும் உள்ளூர்க் கோப்புறையோடு ஒரு தேர்வுக் கணக்கை முன்பே உருவாக்கிப் பூட்டிவைப்பது, சர்வர் வராத நாளில் மட்டும் அதைத் திறந்து இருக்கை எண்ணையும் மாணவர் பதிவெண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்வது, அணி முடிந்ததும் அந்தக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துவைத்துக் கணக்கைக் காலிசெய்துவிட்டு அடுத்த அணியை உட்காரவைப்பது.